தூசியா, மணலா? அம்பாங் பெச்சாவில் ஒரு பழைய கணினி

நான் வானொலியில் பேசிப் பிழைக்கிறவள். வாரத்தில் ஐந்து நாள் என் குரல் காற்றில் போகிறது. ஆனாலும் எங்கள் அம்பாங் பெச்சாவில் எல்லா வீட்டுக்கும் தவறாமல் கேட்கிற குரல் என்னுடையது அல்ல. சனிக்கிழமை காலையில் வரும் பழைய சாமான் வேனில் ஓடுகிற ஒலிப்பதிவுதான் அது. "சூராட் காபார் லாமா… பெசி பூரோக்… பத்தேரி லாமா…" இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு அந்த வேன் தெருத் தெருவாக வரும். அந்த உச்சரிப்பை எந்த அறிவிப்பாளராலும் மிஞ்ச முடியாது.

அந்தச் சனிக்கிழமை நான் கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் கணினி வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் நாளிதழ்க் கட்டு, மறுபக்கம் ஓட்டை வாளி. மூன்றும் வேனுக்காகக் காத்திருந்தன.

"என்னம்மா இது?"

"வேற என்ன செய்யச் சொல்றே? அத ஆன் பண்ணிட்டு நான் பசியாறி, தட்டையும் கழுவிட்டு வர்றேன். இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. வேன்காரன் பத்து வெள்ளி கொடுப்பான்."

அப்பா ஐந்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டிருந்ததாகக் காட்டிக்கொண்டார் என்பதுதான் சரி. ஒரு பக்கமும் புரளவில்லை.

அந்தப் பெட்டியின் கதை எனக்குத் தெரியும். 2012இல் அப்பாவுக்கு 55 வயது நிறைந்தது. கெர்லிங் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இபிஎஃப் பணம் கைக்கு வந்ததும் வீட்டுக் கூரையை மாற்றினார், மீதியில் ஒரு கணினி வாங்கினார். நான் அப்போது ஊடகத் துறை மாணவி. வானொலித் தேர்வுக்கு அனுப்பிய முதல் குரல் பதிவை அந்தக் கணினியில்தான் வெட்டி ஒட்டினேன். இரவு பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டு நாய் குரைத்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்தேன். இன்று நான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

வேன் சத்தம் தெருமுனையில் கேட்டது. "ஒரு வாரம் கொடும்மா" என்று சொல்லிவிட்டுக் கணினியை மறுபடியும் உள்ளே தூக்கிப் போனேன். அம்மா முனகிக்கொண்டே நாளிதழ்க் கட்டை மட்டும் கொடுத்தார்.

பெயரிலேயே உடைந்த அணை

அம்பாங் பெச்சாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் கோமுட்டர் ரயிலில் ஏறுங்கள். ரவாங் தாண்டினால் செரெண்டா, பத்தாங் காலி, ராசா, அடுத்தது கோல குபு பாரு. அங்கே இறங்கினால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிட்டீர்கள். பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் எங்களைக் கடந்துதான் போவார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு.

ஊரின் பெயரே ஒரு செய்தி. அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. பழைய கோல குபு நகரம் இருந்த இடம் இதுதான். ஈயச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த நகரம் அது. மேலே ஆற்று நீரைத் தேக்கி ஓர் அணை கட்டியிருந்தார்கள். 1883 அக்டோபர் 29ஆம் தேதி மழையில் அந்த அணை உடைந்தது. வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனது, பலர் மாண்டார்கள். வட்டார அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் சிசில் ரங்கிங்கும் அந்த வெள்ளத்தில் இறந்தார். அணையில் வாழ்ந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று கிழவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போகவே பயந்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. சுரங்க மண் ஆற்றில் இறங்கி ஆற்றுப்படுகையை மேடாக்கியது. வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது, நகரத்தில் மணல் ஏறியது. பல ஆண்டுகள் சமாளித்துப் பார்த்தார்கள். கடைசியில், 1920களில், நகரத்தையே மேட்டுப் பக்கம் மாற்ற முடிவெடுத்தார்கள். நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் புதிய ஊருக்குத் திட்டம் வரைந்தார். அப்படிப் பிறந்ததுதான் கோல குபு பாரு. பாரு என்றால் புதியது. பழைய இடத்துக்கு உடைந்த அணையின் பெயர் மட்டும் மிஞ்சியது.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் என் அக்கா மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா, வயது 18, ஆறாம் படிவம். எஸ்டிபிஎம் தேர்வுக்கான அவளுடைய இடுபணி வட்டார வரலாறு. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு பழைய கோல குபு. ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, படங்கள் எடுத்து, பதினொரு பக்கம் எழுதியிருந்தாள். எல்லாம் மூலை உடைந்த ஒரு கைப்பேசியில், கட்டைவிரலால்.

"சித்தி, எழுதுறது பிரச்சனை இல்ல. அட்டவணை போட்டா படம் அடுத்த பக்கத்துக்கு ஓடுது. படத்தை இழுத்தா அட்டவணை உடையுது. ரெண்டு வாரத்துல கொடுக்கணும்."

அப்போதுதான் அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். மடிக்கணினி 1,800 வெள்ளியாம், தவணையில் கொடுக்கிறார்களாம். முன்பணத்துக்குத் தன் சங்கிலியைப் பஜாக் கடையில் வைக்கப் போகிறாளாம். அக்கா ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிறாள். அந்தச் சங்கிலி இதற்கு முன்பும் இரண்டு முறை பஜாக் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இரண்டாவது முறை திரும்பி வர மூன்று வருடம் ஆனது.

நான் வாங்கிக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வானொலியில் குரல் கணீரென்று வருகிறவர்களுக்குச் சம்பளமும் கணீரென்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அறை வாடகை, கார்த் தவணை, படிப்புக் கடன் எல்லாம் போன பிறகு அந்த மாதம் என்னால் ஒதுக்க முடிந்தது 200 வெள்ளி. அதற்குள் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

பெட்டிக்கு என்ன நோய்?

முதலில் கணினியை மேசையில் வைத்து ஓட விட்டேன். திரை முழுதாக வர ஏழு நிமிடம் ஆனது. உள்ளே கரக் கரக் என்று சத்தம். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினேன். எந்த வேலை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. மெமரி என்ற இடத்தில் 94 விழுக்காடு. இத்தனைக்கும் நான் இன்னும் ஒன்றையும் திறக்கவில்லை.

கணினியில் இருந்த ரேம் 2 ஜிபி. 2012இல் அது வீட்டுக்குப் போதும். இன்றைக்கு இணையத்தில் நாலு பக்கம் திறந்தாலே அது தீர்ந்துவிடும்.

அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "தீபாவளிக்கு நீ முறுக்கு சுடும்போது மாவு, எண்ணெய், சல்லடை எல்லாம் மேடை மேல இருக்கும்ல? அந்த மேடைதான் ரேம். ஸ்டோர் அறைதான் ஹார்ட் டிஸ்க். மேடை சின்னதா இருந்தா என்ன செய்வே?"

"ஒண்ணை எடுத்து ஸ்டோர்ல வச்சிட்டு இன்னொண்ணைக் கொண்டு வரணும்."

"அதைத்தான் இந்தப் பெட்டி செய்யுது. கரக் கரக்னு கேக்குதே, அது ஸ்டோருக்கும் மேடைக்கும் ஓடுற சத்தம்."

உண்மையில் இவ்வளவுதான் விஷயம். ரேமில் இடம் தீர்ந்ததும் கணினி ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியைத் தற்காலிக மேடையாகக் கடன் வாங்குகிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு, ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது. கணினி செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது பாவம், நடந்தே களைத்துப் போயிருக்கிறது.

ஆக, மேடையை அகலப்படுத்த வேண்டும். திரை இன்னும் இரண்டு தகவல் சொன்னது. ரேம் செருகும் இடம் இரண்டு, அதில் ஒன்றுதான் நிறைந்திருக்கிறது. அந்த போர்டு 16 ஜிபி வரை தாங்கும் என்று அப்பா பத்திரமாக வைத்திருந்த சின்னக் கையேட்டிலேயே இருந்தது. எங்களுக்கு 8 போதும். "டிடிஆர்3" என்று குறித்துக்கொண்டு ஞாயிறு மாலை ரயிலேறினேன்.

அங்கேயே இன்னொரு வரியையும் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

குட்டையும் நெட்டையும்

வேலை முடிந்து ஒரு மாலை புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லோயாட் பிளாசாவுக்குப் போனேன். கணினி என்றால் கோலாலம்பூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் கட்டடம். புதிய ரேம் விலையைக் கேட்டதும் திரும்பி நடந்துவிடலாமா என்று தோன்றியது. 2025இன் கடைசி மாதங்களிலிருந்தே உலகச் சந்தையில் ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு ரேம் மலைமலையாகத் தேவைப்படுகிறது. உற்பத்தியாளர்கள் அவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். நம் ஜொகூரில் அடுத்தடுத்து எழும்புகிறதே, அதே மாதிரி மையங்கள்தான். அங்கே விழுங்குகிற பசியின் ஏப்பம் அம்பாங் பெச்சா வரைக்கும் கேட்கிறது.

டிடிஆர்3 பழைய வகை என்பதால் பயன்படுத்திய துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. கடைப் பையன் "லாப்டாப்பா?" என்று கேட்டான். நான் கைப்பேசியில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டே "ஆமா" என்று தலையாட்டினேன். 4 ஜிபி ஒன்று, 35 வெள்ளி. முதலில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வீட்டில் பெட்டியைத் திறந்து, அதைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. போர்டில் இருந்த துண்டு என் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நீளமிருந்தால், நான் வாங்கியது அதில் பாதிதான். மடிக்கணினிக்கான ரேம் குட்டை, மேசைக் கணினிக்கானது நெட்டை. இரண்டும் டிடிஆர்3தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. டாஸ்க் மேனேஜர் திரையில் நான் படிக்காமல் விட்ட வரி அதுதான். "டிஐஎம்எம்" என்றிருந்தால் நெட்டை, "எஸ்ஓ-டிஐஎம்எம்" என்றிருந்தால் குட்டை.

அப்பா எட்டிப் பார்த்தார். "மோட்டார் சைக்கிள் டயரை வாங்கிக்கிட்டு வந்து லாரியில மாட்டப் பாக்குற" என்றார். இரண்டு வாரத்தில் அவர் கணினியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியில் அட்டவணையை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அக்கா கழுத்தில் சங்கிலி இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அங்கிளின் இழுப்பறை

"கோல குபு பாருவுல ஒரு சீனர் கடை இருக்கு" என்று அப்பாதான் சொன்னார். "டிவி, ரேடியோ ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தவரு. இப்ப கம்ப்யூட்டரும் பாக்குறாராம். வா."

புதிய ஊருக்கு எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் கொஞ்ச நேரம்தான். ரீட் வரைந்த ஊர் என்பது இன்றைக்கும் தெரியும். கடைவீதி ஒரு பக்கம், அலுவலகங்கள் ஒரு பக்கம், நடுவில் மரமும் திடலும். 2024 மே மாதம் இடைத்தேர்தல் வந்தபோது இந்தத் தெருக்களில் கொடி கட்ட இடமில்லாமல் இருந்தது. இப்போது சனிக்கிழமை மதிய வெயிலில் இரண்டு நாய்களும் ஒரு ஐஸ்கிரீம் மோட்டாரும்தான்.

கடை பழைய இரட்டை மாடி வரிசையில் இருந்தது. உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க அங்கிள். என் கையிலிருந்த குட்டை ரேமைப் பார்த்தார், அப்பா கொண்டு வந்த பழைய நெட்டைத் துண்டைப் பார்த்தார், சிரித்தார். பிறகு ஓர் இழுப்பறையை இழுத்தார். பிஸ்கட் டின் நிறைய ரேம். செத்துப்போன கணினிகளிலிருந்து கழற்றி, துடைத்து, வகைவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம், கிளினிக், தோட்டத்து ஆபீஸ் என்று எங்கெங்கோ ஓடி ஓய்ந்தவை.

"மாசிஹ் போலே பாக்காய்" என்றார் அங்கிள். இன்னும் ஓடும்.

ஒரே மாதிரி இரண்டு 4 ஜிபி துண்டுகளை எடுத்து, கடையிலிருந்த ஒரு போர்டில் செருகி, ஓட விட்டுக் காட்டினார். இரண்டும் சேர்த்து 50 வெள்ளி. வேலை செய்யாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லி ரசீதில் எழுதினார். அவர் பேச்சுவாக்கில் சொன்ன சில விஷயங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் 35 வெள்ளி மாதிரி உங்கள் பணமும் போக வேண்டாம்.

டிடிஆர்2, 3, 4, 5 என்ற வகைகளில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சேராது. ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினால் உடையும். இணையத்தில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் சில ரேம்கள் சர்வருக்கானவை, வீட்டுக் கணினியில் ஓடாது. சிலவற்றில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருக்கும், இன்டெல் கணினிக்கு அவை உதவாது. ஒரு 8 ஜிபி துண்டைவிட ஒரே மாதிரியான இரண்டு 4 ஜிபி துண்டுகள் கொஞ்சம் வேகம், ஏனென்றால் இரண்டு வழியாகவும் தரவு போகும். எல்லாவற்றையும்விட எளிய வழி, பழைய துண்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவதுதான். அப்பா அதைத்தான் செய்தார். ஊடகப் பட்டம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.

கிளம்பும்போது அங்கிள் இன்னொன்றும் சொன்னார். ரேம் போட்டால் வேலை செய்யும்போது திணறாது, ஆனால் ஏழு நிமிடம் காத்திருக்கும் அந்தத் தொடக்கம் குறைய வேண்டுமென்றால் எஸ்எஸ்டி போட வேண்டும் என்றார். சுழலாத, சத்தமில்லாத சேமிப்பகம். 240 ஜிபி, 95 வெள்ளி. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். 35 போனது போக 165. அதில் 50, 95. இன்னும் 20 இருக்கிறது. சரி என்றேன். போர்டில் போடும் காசு வடிவ பேட்டரி ஒன்றும் 4 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டோம். எங்கள் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டும். அந்த பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான். தேதி தப்பாக இருந்தால் பல இணையப் பக்கங்கள் பாதுகாப்பு இல்லை என்று சொல்லித் திறக்கவே மறுக்கும். பல வருடமாக அப்பா அதை வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திண்ணையில் அறுவை சிகிச்சை

வீட்டுத் திண்ணையில் பழைய நாளிதழ் விரித்தோம். மின்கம்பியைப் பிடுங்கினோம். தொடக்கப் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விட்டோம். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கலாம் என்பதால், பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பக்கவாட்டுத் தகட்டைத் திறந்ததும் பதினான்கு வருடத் தூசி. பல்லி முட்டை ஓடு இரண்டு. ஒரு பழைய காசு எப்படி உள்ளே போனதோ தெரியவில்லை. அப்பா பெயிண்ட் தூரிகை எடுத்து வந்து பூஜைப் படம் துடைப்பதுபோல் துடைத்தார். பாப்பா மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு டார்ச் பிடித்தாள். செருகும் இடத்தின் இரு பக்கக் கொண்டிகளையும் விலக்கினேன். வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்தேன். இரண்டு முனையையும் சமமாக அழுத்தினேன். "டக்" என்று கொண்டிகள் தாமாக மூடின. அந்தச் சத்தம் கேட்டால்தான் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம்.

மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை இருட்டு. பீப், பீப், பீப்.

யாரும் பேசவில்லை. அக்கா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"கழட்டு" என்றார் அப்பா. பாப்பாவின் பென்சில் பெட்டியிலிருந்து அழிப்பானை எடுத்து, ரேமின் அடியில் இருக்கும் பொன்னிறப் பற்களை மெதுவாகத் தேய்த்தார், தூளை ஊதினார். "லாரி பேட்டரி முனையில பச்சை பூத்தா இப்படித்தான் தேய்ப்போம்." மறுபடி செருகினோம். இரண்டு "டக்". பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு பீப், திரையில் வெளிச்சம்.

ஆனால் நம் பாடு அவ்வளவு சுலபமாக முடியுமா? விவரத்தைத் திறந்தால், 8 ஜிபி இருக்கிறது, பயன்படுத்தக்கூடியது 3.41 ஜிபி என்று காட்டியது. காரணம், உள்ளே இருந்தது 32 பிட் விண்டோஸ். அதால் 4 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. மேடையை அகலமாக்கிவிட்டோம், சமைக்கிறவருக்குப் பாதி மேடைக்குத்தான் கை எட்டுகிறது. 64 பிட்டுக்கு மாறினால்தான் முழுப் பலன். ரேம் வாங்கும் முன் இதையும் பாருங்கள்.

அதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு எங்கள் பெட்டியின் வயது முறைப்படி ஒத்துவராது. எங்களிடம் இருந்த வழி லினக்ஸ். "லினக்ஸ் மின்ட்" என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து, புது எஸ்எஸ்டியில் நிறுவினோம். பழைய ஹார்ட் டிஸ்கைத் தொடவில்லை. பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படங்களும், நாய் குரைப்பை வெட்டிய என் முதல் ஒலிப்பதிவும் அதில் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். நீங்களும் அதைச் செய்யாமல் எந்தத் திருகாணியையும் தொடாதீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெட்டி புதுப் பிறவி எடுத்தது. தொடங்க அரை நிமிடம் ஆனது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பசியாறக்கூட நேரம் இல்லையே" என்றார்.

கடைசி சோதனை தமிழ். உள்ளீட்டு முறையில் தமிழ்99 சேர்த்துக் கொடுத்தேன். கைப்பேசியில் செல்லினத்தில் தட்டிப் பழகிய பாப்பாவுக்குக் கை பழக ஒரு மணி நேரம் பிடித்தது. செல்லினத்தையும், அதற்கு முன் 1980களில் முரசு மென்பொருளையும் உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன்தான் என்று சொன்னேன். "நம்ம ஊர்க்காரரா சித்தி?" என்று கண்ணை விரித்தாள். பிறகு திரையில் அட்டவணை போட்டாள், அதன் கீழே ஆற்றங்கரைப் படத்தை வைத்தாள். எதுவும் ஓடவில்லை. அடுத்த பக்கத்தில் இணையத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள், கூடவே ஒரு பாட்டும். பெட்டி கரக் என்றுகூடச் சொல்லவில்லை.

எப்போது விட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு எல்லாப் பழைய கணினிக்கும் ரேம் போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்ற வைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. போர்டே பழுதாகியிருந்தால் அதற்குச் செலவழிப்பது வீண். டாஸ்க் மேனேஜரில் மெமரி பாதிதான் நிறைந்திருக்கிறது, ஆனாலும் கணினி மந்தம் என்றால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. அனேகமாக ஹார்ட் டிஸ்கில். முதலில் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

அன்று மாலை அப்பாவும் நானும் ஆற்றுப் பக்கம் நடந்தோம். பாப்பா படம் எடுத்த இடத்தைக் காட்டினார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. புல்லும் மண்ணும்தான். நான் கேட்டேன்: "இந்த ஊரை அப்பவே ரிப்பேர் பண்ணியிருக்கலாம்லப்பா? ஏன் தூக்கிக்கிட்டுப் போனாங்க?"

"பண்ணிப் பாத்துட்டுத்தாம்மா போனாங்க. வருஷா வருஷம் மணல் ஏறினா என்ன செய்வே? மணல் மூடினா மாறித்தான் ஆகணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "நம்ம பெட்டியில இருந்தது மணல் இல்ல. தூசி."

என்றைக்காவது அந்தப் பெட்டியிலும் மணல் ஏறும். இன்னும் நாலு வருடமோ ஐந்து வருடமோ. அப்போது நாமும் ஒரு "பாரு" தேடத்தான் வேண்டும். அதற்குள் பாப்பா பல்கலைக்கழகம் போயிருப்பாள். அக்கா கொஞ்சம் சேர்த்திருப்பாள்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ரேம் 50, எஸ்எஸ்டி 95, பேட்டரி 4. மொத்தம் 149 வெள்ளி. நான் கவனமில்லாமல் வாங்கிய குட்டை ரேம் 35. அதையும் சேர்த்தால் 184. அந்தக் குட்டை ரேம் இப்போது எங்கள் நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் தோழியின் மடிக்கணினியில் ஓடுகிறது. அவள் எனக்கு இரண்டு நாள் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். கணக்கு நேர்.

திங்கட்கிழமை அக்கா அரைநாள் விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள். சங்கிலி கழுத்திலேயே போனது. வெள்ளிக்கிழமை மதியம் பாப்பாவிடமிருந்து படம் வந்தது. அச்சடித்துக் கட்டிய இடுபணி, பதினாறு பக்கம். அட்டையில் தலைப்பு, கீழே அவள் பெயர், அதற்கும் கீழே "அம்பாங் பெச்சா".

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். வேன் வந்தது. அம்மா நாளிதழ்க் கட்டையும் ஓட்டை வாளியையும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வேன்காரர் எட்டிப் பார்த்து, போன தடவை ஒரு கணினி இருந்ததே என்று கேட்டாராம்.

"அது இப்ப வேலைக்குப் போகுதுன்னு சொன்னேன்" என்றார் அம்மா.

உள்ளே அப்பா பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உதவித்தொகைப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்.